பின்னிருக்கையிலிருந்து ஒரு வண்டி வரலாறு

(சற்று நீண்ட பதிவு. பொறுத்தருள்க.)

கடந்த இரண்டு மாதங்களாக நானும் என் கணவரும் பீன்யாவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தோம். தேவை எளியது. இருவர் ஏறி, இரண்டு பைகளோடு, ஒரே நாளில் முந்நூறு நானூறு கிலோமீட்டர் போய்வரத் தக்க வண்டி. என் களப்பணி ஊர்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி, கோலார் மாவட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து அவற்றுள் பலவற்றுக்கு நடைதான் வழி. கையிலிருந்த தொகை ஒரு லட்சத்து இருபதாயிரம். ஓட்டுபவர் அவர், பின்னால் அமர்பவள் நான்.

சென்ற ஆண்டு இரவல் வண்டி ஒன்றில் இப்படிப் போய்த் திரும்பியபின் பத்து நாட்கள் என்னால் நாற்காலியில் நேராக அமர இயலவில்லை. அவருக்கு எந்த வலியும் இல்லை. வண்டியும் சாலையும் தூரமும் இருவருக்கும் ஒன்றே. அந்தப் பத்து நாட்களில் எழுந்த கேள்விதான் இந்தப் பதிவு: இந்நாட்டு மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்கு ஒரு வரலாறு உண்டா? வண்டிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் எழுதப்படுகின்றன; அதாவது முன்னால் அமர்ந்தவர் அறிந்தவற்றைப் பற்றி. ஆனால் இங்கே இவ்வாகனம் பெரும்பாலான வீடுகளில் இருவர் வாகனமாகவே வாழ்ந்திருக்கிறது. எனவே பழைய வண்டி வாங்குவோர் பின்னிருக்கையிலிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

மொழியியல் படித்தவள் என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பின்னால் அமர்வதைக் குறிக்கும் 'பில்லியன்' என்னும் ஆங்கிலச் சொல் குதிரைக் காலத்தது. கேலிக் மொழிகள் வழியாக வந்தது என்றும், தோலைக் குறிக்கும் 'பெல்லிஸ்' என்னும் லத்தீன் சொல்லே அதன் வேர் என்றும் அகராதிகள் தரும். சேணத்துக்குப் பின்னால் இடப்பட்ட மெத்தை அது. பெண்கள் அதில் பக்கவாட்டில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார்கள். தமிழ்ப் பேச்சில் நமக்கு வாய்த்தது 'டபுள்ஸ்'. சைக்கிளில் இன்னொருவரை ஏற்றிச் சென்றால் காவலர் பிடித்து வழக்கெழுதிய காலத்தின் சொல்; குற்றத்தின் வாசம் இன்னும் அதிலிருந்து முழுதும் போகவில்லை. செய்தித்தாள் தமிழில் அவர் 'பின்னால் அமர்ந்து சென்றவர்'. பெயர்ச்சொல் இல்லாததால் வினையாலணையும் பெயரால் ஈடுகட்டுகிறோம், அதுவும் பெரும்பாலும் விபத்துச் செய்தியில். கன்னட நாளிதழ்கள் எழுதுவது 'ஹிம்பதி சவார'. பின்பக்கத்துச் சவாரிக்காரர் என்று பொருள். நம் 'சவாரி'யும் அந்தச் 'சவார'வும் ஒரே பாரசீக வேரின; ஆனால் கன்னடம் பின்னிருப்பவரையும் சவாரி செய்பவராக எண்ணுகிறது. பீன்யாவில் குடியேறிய நாள்முதல் எனக்குப் பிடித்த கன்னடச் சொற்களில் அது ஒன்று.

சட்டம் பின்னிருப்பவரை வண்டிக்காரர்களைவிடக் கூர்ந்து கவனித்திருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128 ஆம் பிரிவு, ஓட்டுநரைத் தவிர ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்கிறது. அவர் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்தப்பட்ட முறையான இருக்கையில் அமர வேண்டும் என்றும் கூறுகிறது. 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123 ஆம் விதி இன்னும் நுணுக்கமானது. பின்னிருப்பவருக்குப் பிடிமானம் வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், அவருடைய ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத அளவை மூடும் தடுப்பு வேண்டும். வண்டிக் கடைகளில் 'சாரி கார்டு' என்று கேட்டுப் பெறும் கம்பிச் சட்டம் இதுதான். நாடாளுமன்றத்தின் சட்டம் ஒன்றன் கீழ் எழுதப்பட்ட விதியில் ஒரு சேலைத் தலைப்பின் ஆபத்து பதிவாகியிருப்பதை எண்ணி நான் வியப்பதுண்டு. மறுபுறம், தலைக்கவசம் பற்றிய 129 ஆம் பிரிவு ஓட்டுபவரையும் ஏறிச் செல்பவரையும் சேர்த்தே குறித்திருந்தும், கர்நாடகத்தில் பின்னிருப்பவருக்கும் அது கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில்தான்.

இனி வண்டிகள். 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. புல்லட் இந்தியாவில் வேரூன்றக் காரணம் ராணுவத்தின் தேவை. மைசூரில் ஐடியல் ஜாவா 1961 இல் செக்கோஸ்லோவாகிய வடிவமைப்பில் 250 சிசி வண்டிகளை வெளியிடத் தொடங்கியது. 1973 முதல் அவை எஸ்டி என்ற பெயரில் வந்தன. 1996 இல் ஆலை மூடப்பட்டது. (ஒற்றை சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், உதைத்துக் கிளப்புவதற்கும் கியர் மாற்றுவதற்கும் ஒரே நெம்புகோல். எத்தனை முறை கண்டாலும் எனக்கு அலுக்காத விநோதம்.) பெங்களூரில் இன்றும் ஓடும் பழைய வண்டிகளில் இவ்விரு மரபுகளுக்கும் தனி மதிப்பு உண்டு.

புல்லட்டின் 346 சிசி எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். இந்த நீண்ட ஓட்டம் பின்னிருப்பவருக்கு நேரடியாகப் பொருள்படுவது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே இழுவிசை கிடைப்பதால் சுமையோடு ஏறும்போதும் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கியர் மாற்றமும் ஓட்டுபவருக்கு ஒரு கையசைவு. பின்னிருப்பவருக்கு முன்னும் பின்னும் ஓர் ஆட்டம். நாளொன்றுக்குச் சில நூறு ஆட்டங்கள் குறைவது சிறிய செய்தியன்று. இதற்கு நாம் கொடுக்கும் விலை அதிர்வு. அது கைப்பிடி வழியாக அவருக்கும் கால்மிதி வழியாக எனக்கும் வரும்.

1980 ஆம் ஆண்டில் சற்று நிற்க வேண்டும். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் ஓசூரில் அவ்வாண்டு டிவிஎஸ் 50 பிறந்தது. இந்தியாவின் முதல் இருவர் மொபெட் என்றே அது இன்றும் நினைக்கப்படுகிறது. அதே 1980 இல் ஹோண்டா நிறுவனம் 1085 சிசி கொண்ட கோல்டு விங் வண்டியின் 'இன்டர்ஸ்டேட்' வடிவத்தை வெளியிட்டது. முன்னால் பெரிய காற்றுத் தடுப்பு, இருபுறமும் பெட்டிகள், பின்னால் ஒரு பேழை, எல்லாமே ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு தம்பதி ஆயிரம் சிசிக்கு மேற்பட்ட எஞ்சினின்மேல் செய்ததை, ஓசூர்ச் சாலையில் ஒரு தம்பதி ஐம்பது சிசியின்மேல் செய்தார்கள். அவர்களுடையது ஓய்வுக்கான சுற்றுலா. நம்முடையது திருமண வீடு, மருத்துவமனை, சந்தை. ஆனால் 'இருவர்' என்பதே இரு வண்டிகளும் விற்ற சரக்கு.

1984, 1985 ஆம் ஆண்டுகளில் இந்தோ-ஜப்பானிய 100 சிசி வண்டிகள் வந்தன: இந்த்-சுசூகி, ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே இந்தியரின் முதற் கேள்வியாக நிலைத்தது இவற்றுக்குப் பிறகுதான் எனத் துணிந்து சொல்வேன். நீண்ட, தட்டையான, ஒரே இருக்கை. இருவர் தாராளமாக அமரலாம். ஊருக்குள் இதைவிட நல்ல பின்னிருக்கை இல்லை. நெடுந்தூரத்துக்குத்தான் அவற்றின் எடையும் இழுவையும் போதா.

பீன்யாவை ஒட்டிச் செல்லும் துமகூரு சாலை இக்கதையை மாற்றிய சாலைகளுள் ஒன்று. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நகரங்களை இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலையின் சென்னை-மும்பைப் பகுதி இவ்வழியே போகிறது. இருவழிச் சாலையில் மணிக்கு அறுபதில் போன வண்டி நான்குவழிச் சாலையில் எண்பது, தொண்ணூறில் போக வேண்டியதாயிற்று. மெதுவாகச் சென்றால் பின்னால் வரும் லாரி ஒதுக்கும். ஏறக்குறைய இதே காலத்தில் வந்தவை 2002 இன் தண்டர்பேர்ட், 2003 இன் கரிஸ்மா, 2005 இன் அவெஞ்சர். பயணத்துக்கென்று விற்கப்பட்ட வண்டிகள் என்னும் வகுப்பு நம்மிடம் உருவானது இப்படித்தான். ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பந்தய வண்டியின் சாயலைத் தேடிய வடிவமைப்பில் வண்டியின் வால் மேலெழுந்தது, இருக்கை இரண்டாகப் பிரிந்தது, பின்பகுதி சுருங்கியது. கல்லூரி மாணவர்கள் விரும்பிய அழகு அது. அதில் அமர்பவரின் எடை மணிக்கட்டிலும் முழங்காலிலும் இறங்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னிருப்பவரின் முதுகின்மேல் சரிவார். பழைய வண்டிச் சந்தையில் மலிவாகவும் நல்ல எஞ்சினோடும் கிடைப்பவற்றுள் இத்தகையவை மிகுதி. ஐம்பது கிலோமீட்டருக்குச் சரி.

சுவடி படிப்பவர்கள் முதலில் கடைசி ஏட்டைப் புரட்டுவார்கள்; எழுதி முடித்த நாளும் எழுதியவர் பெயரும் அங்கிருக்கலாம் என்பதால். வண்டிக்கும் அப்படி ஒரு படிப்பு உண்டு. சேஸிஸ் எண்ணின் முதல் மூன்று குறிகள் ஆலையைச் சொல்லும்: எம்.இ.3 என்றால் ராயல் என்ஃபீல்டு, எம்.டி.2 என்றால் பஜாஜ், எம்.டி.6 என்றால் டிவிஎஸ். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டர் எண்ணைவிட இந்த எண்களை நான் நம்புவேன். மீட்டரைத் திருத்தலாம், எட்டாயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்பட்ட வண்டியில் டயர் ஏன் இரண்டாம் முறை மாறியிருக்கிறது என்பதற்கு விற்பவர் விடை சொல்லியாக வேண்டும்.

ஆண்டுகளிலும் சில எல்லைக்கோடுகள் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 இல் கூறியது. அடுத்த இரண்டு நாட்களில் கடைகளில் தள்ளுபடித் திருவிழாவே நடந்தது. அவ்விரு நாள் வண்டிகள் இன்று பழைய வண்டிச் சந்தையில் உள்ளன. பதிவு ஆண்டு 2017 எனினும் தயாரித்த மாதம் அதற்கு முந்தியதாக இருக்கலாம், ஆர்.சி.யில் இரண்டும் இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். அடுத்த கோடு 2019 ஏப்ரல். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது அப்போதுதான். இருவர் எடையோடு, நனைந்த சாலையில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நிற்பது எங்களுக்கு விலைபேச முடியாத ஒன்று. மூன்றாவது கோடு 2020 ஏப்ரல்: பி.எஸ். 6. அதனோடு இவ்வகை வண்டிகளில் கார்புரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. எரிபொருள் உட்செலுத்தும் எஞ்சின் பல வகையில் மேலானதே. ஆனால் என் களப்பணி ஊர்களில் உள்ள மெக்கானிக், கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து அரைமணியில் வண்டியைக் கிளப்பிவிடுவார். கணினி இணைத்துப் பார்க்க வேண்டிய கோளாறு என்றால் நகரத்துக்குத்தான் வண்டியை ஏற்றிவர வேண்டும்.

இவ்விரு கோடுகளுக்கும் இடையில், 2019 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரை, ஓர் ஆண்டு இருக்கிறது. ஏபிஎஸ்ஸும் கார்புரேட்டரும் ஒரே வண்டியில் சேர்ந்திருந்த குறுகிய காலம் அது. தண்டர்பேர்ட் 350, அவெஞ்சர் 220 போன்றவை அவ்வாண்டில் அப்படி வந்தன. எங்கள் தேடல் அந்த ஓராண்டுக்குள் ஒடுங்கியது. தொகை கூடுதலாக இருந்திருந்தால் அதிர்வைக் குறைக்கும் சமன்தண்டு கொண்ட 2020 இன் மீட்டியாரையோ, 373 சிசி டாமினாரையோ பார்த்திருப்போம்.

எடைக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. அவர் 72, நான் 58. பைகளும் ஒலிப்பதிவுக் கருவியும் 20, கவசங்களும் மழைச் சட்டைகளும் 6. ஆக 156 கிலோ. வண்டிக் கையேட்டில் அதிகபட்சச் சுமை குறிக்கப்பட்டிருக்கும். பல சிறிய வண்டிகளுக்கு அது 130 கிலோ. இரண்டால் வகுத்தால் 65: இரண்டு உடல்கள், பையே இல்லாமல்.

பீன்யாவில் தேடியதற்கு வீடு அருகில் என்பது மட்டும் காரணமன்று. பக்கத்து ஜாலஹள்ளியில் 1953 இல் எச்.எம்.டி. தொடங்கியது, எந்திரங்களைச் செய்யும் எந்திரங்களைச் செய்த ஆலை. எழுபதுகளில் வளர்ந்த பீன்யா தொழிற்பேட்டையில் இன்று தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்ததா, பழைய அளவில் கடைந்து வாங்கலாம். பை மாட்டக் கம்பிச் சட்டம் வேண்டுமா, அளவு கொடுத்தால் மறுநாள் கிடைக்கும். இவ்வட்டாரத்தின் தொழிலாளர்களில் கணிசமானோர் தமிழர்; அதனால் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளும் விற்பனைக்கு வரும். அங்கேதான் எச்சரிக்கை தேவை. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டத்தின் 47 ஆம் பிரிவு. தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. அதோடு கர்நாடகத்தின் வாழ்நாள் வரியும் உண்டு. டிஎன் 70 என்ற ஓசூர் எண்ணோடு மலிவாக நிற்கும் வண்டி, இவற்றையெல்லாம் கூட்டியபின் மலிவாக இருப்பதில்லை.

நாங்கள் பார்த்த ஏழு வண்டிகளில் ஆறாவதை ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். காவேரிப்பட்டினத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். என் கணவர் தனியாக ஒரு சுற்றுப் போய்வந்து, "நல்லாத்தான்ணே இருக்கு" என்றார். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அவங்களையும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. ஒத்த ஆளா ஓட்டிப் பாத்தா பாதி வண்டியத்தான் பாத்திருக்கீங்க." திரும்பி வந்தபோது அவரிடம் எதுவும் கேட்கவில்லை, என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, அவருக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரிந்தது. வளைவில் என் கீழே வண்டி ஒரு விரற்கடை அளவு பக்கவாட்டில் நழுவி மீண்டது. முன்னால் அது எட்டவே இல்லை. ஸ்விங் ஆர்ம் புஷ். வேகத்தடையில் ஷாக் முழுதும் அமுங்கி இரும்போடு இரும்பு முட்டியது. வலது கால்மிதியின் அடியில் ஒரு பழைய வெல்டிங். எப்போதோ வண்டி விழுந்திருக்கிறது. நான் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து முகப்பு விளக்கின் ஒளி எதிர்ச்சுவரில் ஒரு முழம் மேலேறியதையும் கவனித்தோம். இரவில் அது எதிரே வருபவரின் கண்ணில் விழும். பின் ஷாக்கின் இறுக்கத்தைக் கூட்டினால் இறங்கும், ஷாக்கில் உயிர் இருந்தால். அந்த வண்டியில் இல்லை. வேண்டாம் என்றோம்.

ஏழாவது, 2019 ஆகஸ்டில் செய்யப்பட்ட தண்டர்பேர்ட் 350. கே.ஏ. 04 பதிவு, ஒரே உரிமையாளர். இருபது லிட்டர் டேங்க். பின்னிருக்கையில் முதுகுச் சாய்வு உண்டு. நான் தேடியதில் பாதி அதுதான். வாங்கும் முன் துமகூரு சாலையில் நெலமங்கலம் வரை போய்வந்தோம், இம்முறை பைகளில் புத்தகங்களை நிரப்பி 20 கிலோ ஏற்றிக்கொண்டு. எண்பதைத் தாண்டினால் கால்மிதியில் அதிர்வு தெரிகிறது, எழுபத்தைந்தில் இல்லை. எழுபத்தைந்து போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். விலை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தில் முடிந்தது. டயர் இரண்டும் செயின் ஸ்பிராக்கெட்டும் மாற்ற மீதித் தொகை சரியாக இருந்தது.

பை மாட்டச் சட்டம் செய்யக் கொடுத்த லேத் பட்டறையில், இடதுபக்கம் இடிக்கிறது, சாரி கார்டைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார்கள். நான் சேலை கட்டி வண்டியில் ஏறுவதில்லை, துப்பட்டா உண்டு. விதி எண்ணைச் சொல்லவில்லை, கார்டு இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அதன்மேலேயே இரண்டு அங்குலம் தள்ளி வளைத்துக் கொடுத்தார்கள். படிவம் 29, 30 கொடுத்தாயிற்று. முந்தைய உரிமையாளரின் கடன் அடைபட்டதற்கான படிவம் 35 வங்கியிலிருந்து வர வேண்டும்; அது வந்து பெயர் மாறியபின் முதல் பயணம் ஊத்தங்கரைக்கு.